விருந்தாளிக்கு இரண்டாவது கோப்பை

எங்கள் ஊரை மாற்றிய இளைஞர்களைப் பற்றி ஒரு சிறு புத்தகம் வெளிவந்தது. வழவழப்பான தாள், நல்ல அச்சு. அட்டையில் நாங்கள் ஏழு பேரும் நீலத் தொப்பி போட்டு, ஆளுக்கொரு கிளாஸ் தண்ணீரைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறோம். இடது ஓரத்தில் நிற்பவள் நான். வெயில் கண்ணில் அடித்ததால் முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சுளிப்பை மன உறுதி என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. துன்பங்களைத் துணிவோடு வென்றவர்கள் என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தது. என் தோளுக்குப் பின்னால் ஒரு கை மட்டும் தெரியும். தட்டத்தைப் பிடித்த கை. முழங்கைக்கு மேலே படத்தை வெட்டிவிட்டார்கள். புத்தகத்தின் உள்ளேயும் அந்தக் கைக்கு உரியவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நாங்கள் இருந்தது மன்னார்ப் பக்கம், விடத்தல்தீவுக்குப் போகும் வழியில் உள்ளே திரும்பும் ஒரு மண் றோட்டின் கடைசியில். கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கிணற்றுக்குள் வந்திருந்தது. எங்கே தோண்டினாலும் உப்பு. எங்கள் பெற்றோர் கலவரங்களுக்குத் தப்பி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து, இங்கே காட்டை வெட்டிக் குடியேறியவர்கள். அந்த நாட்களில் குளத்தடியில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருந்ததாம். பிறகு யுத்தம் வந்து எல்லாரையும் கிளப்பியது. முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வீடுகள் இருந்த இடத்தில் பற்றைக் காடு இருந்தது. குளத்தடிக்குப் போகும் வழியில் சிவப்பு மண்டையோடு போட்ட மிதிவெடி எச்சரிக்கை இருந்தது. உப்புக் கிணறுகள் மட்டும் ஒரு சேதமும் இல்லாமல் எங்களுக்காகக் காத்திருந்தன.

நிறுவனங்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு கிணறு தோண்டியது, அல்லது பழைய கிணற்றுக்கு வெள்ளை அடித்தது. பிறகு பக்கத்தில் ஒரு போர்ட் நட்டுவிட்டுப் போனது. ஊருக்குள் நுழைகிறவர்களை ஆட்களுக்கு முன்னால் போர்ட்டுகள்தான் வரவேற்கும். எங்கள் ஆடுகளுக்கு அவை நன்றாகப் பயன்பட்டன. வேறு நிழல் இருக்கவில்லை.

அப்படி வந்த நிறுவனங்களில் ஒன்றுதான் எங்களை இளைஞர் தலைவர்கள் ஆக்கியது. கொழும்பிலிருந்து வந்த ஒரு அக்கா மூன்று நாள் பயிற்சி தந்தா. தொப்பி, ரீசேட், மதியத்துக்குச் சோற்றுப் பார்சல். முதலில் தலைவரைத் தெரிவு செய்யச் சொன்னா. யுத்தத்தில் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்த அண்ணை ஒருவர் இருந்தார். முகாமில் நிவாரணத்துக்கு ஒலிபெருக்கியில் பெயர் வாசித்துப் பழகியவர். எங்கள் ஏழு பேரில் குரல் நடுங்காமல் பேசக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவரையே தலைவர் ஆக்கினோம். எனக்குக் கையெழுத்து நன்றாக இருந்ததால் நான் செயலாளர். மீதி ஐந்து பேரும் உறுப்பினர்கள்.

இரண்டாம் நாள் அந்த அக்கா பெரிய வெள்ளைத் தாளில் பிரச்சினை மரம் கீறச் சொன்னா. வேரில் காரணங்கள், தண்டில் பிரச்சினை, கிளைகளில் விளைவுகள். நாங்கள் தண்டில் "நல்ல தண்ணீர் இல்லை" என்று எழுதி, நாலு நிறத்தில் இலை வரைந்து பொதுநோக்கு மண்டபச் சுவரில் ஒட்டினோம். மண்டபம் என்றால் நாலு தூணும் ஒரு பக்கச் சுவரும் ஒரு தகரக் கூரையும். பின்னேரம் எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா அந்த மரத்தை மேலும் கீழும் நன்றாகப் பார்த்தார்.

"மரமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதுக்கு யாரு தண்ணி ஊத்துறது?" என்று கேட்டார்.

பயிற்சி அக்காவுக்கு அது விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கி, சிரிப்பை அடக்க முடியாமல் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டோம். அந்த அம்மாதான் படத்தில் வெட்டுப்பட்ட கைக்கு உரியவர். என் தோழியின் அம்மா.

தோழியும் நானும் ஒரே வகுப்பு. சாதாரண தரப் பரீட்சையில் இருவரும் கணிதத்தில் தோற்று, இரண்டாம் முறை எழுதக் காத்திருந்தோம். நான் தோற்றது எனக்குக் கணக்கு ஓடாததால். அவள் தோற்றது வேறு காரணத்தால். மன்னாரிலிருந்து வரும் கணித சேர் காலையில் முதல் இரண்டு பாடமும் எடுத்துவிட்டுப் பத்து மணி பஸ்ஸில் அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார். அவரில் குற்றமில்லை, மூன்று பள்ளிக்கூடத்துக்கு அவர் ஒருவர்தான். ஆனால் அந்த இரண்டு பாட நேரமும் என் தோழி பெரிய றோட்டுச் சந்தியில் மாதா சொரூபத்துக்குப் பின்னாலிருந்த கிணற்றடியில் வரிசையில் நிற்பாள். சுற்றுவட்டாரத்தில் வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் அங்கே மட்டும்தான் இருந்தது. போக மூன்று மைல், வர மூன்று மைல். வரும்போது சைக்கிளின் இரண்டு பக்கமும் தண்ணீர்க் கான் தொங்குவதால் ஏறி ஓட முடியாது, தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். அவளுடைய அப்பா யுத்தத்தின் கடைசியில் காணாமல் போனவர். அம்மாவுக்கு இடுப்பு எலும்பில் பழைய அடி. வயலில் குனிந்து நாற்று நடுவார், ஆனால் பாரம் தள்ள முடியாது. எங்கள் வீட்டில் தண்ணீர் எடுக்க அண்ணன் இருந்தான். நான் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போய், கணிதப் பாடத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இந்த முறையும் கணிதம் தவறினால் படிப்பை விட்டுவிட்டு இறால் பதனிடும் இடத்தில் வேலைக்குப் போவதாக அவள் முடிவு செய்திருந்தாள். பரீட்சைக்கு ஒன்பது மாதம் இருந்தது. ஆகவே ஒன்பது மாதத்துக்குள் தண்ணீர் ஊருக்கு வர வேண்டும். எங்கள் சமூக மாற்றம் என்பதெல்லாம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்த வெள்ளைத் தாளில் எழுதியது.

நான் கடிதம் எழுதினேன். பிரதேசச் செயலாளர் கந்தோருக்கு ஒன்று, மாவட்டக் கச்சேரிக்கு ஒன்று, பிரதி இன்னும் நாலு இடத்துக்கு. ஏழு பேர் கூடிப் பேசுவதற்கே பக்கத்து இராணுவ முகாமில் போய்ச் சொல்ல வேண்டியிருந்த காலம் அது. தலைவர் அண்ணை செயற்கைக் காலோடு நடந்து போய்ச் சொல்லிவிட்டு வருவார். "என்ன கூட்டம்?" என்று கேட்பார்களாம். "தண்ணிக் கூட்டம்" என்று இவர் சொல்வாராம். அவர்கள் அதை வேறு விதமாக விளங்கிக்கொள்ளாதபடி கையால் கிணறு இறைத்துக் காட்டுவாராம். ஐந்தாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. ஒரு உத்தியோகத்தர் வந்து நிலைமையைப் பார்ப்பார். அவருடைய அறிக்கையைப் பொறுத்து முதலில் பவுசர் லொறியிலும், பிறகு குழாய் வழியாகவும் தண்ணீர் தருவது பற்றித் தீர்மானிக்கப்படும். என் கையெழுத்து வென்றுவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்றால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இராது. றோட்டைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார்கள். உப்புத் தண்ணீர்தான், ஆனால் தெளித்தால் பார்வைக்கு ஒன்றுதான். தென்னோலைத் தோரணம் கட்டினார்கள். கோயிலில் இரவல் வாங்கிய பிளாஸ்ரிக் கதிரைகளைத் தோழியின் வீட்டு முற்றத்தில் வைத்து வெள்ளைத் துணி போட்டார்கள். உப்புப் பூத்துச் சிதிலமாகிக் கிடந்த கிணற்றுக் கட்டுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். பிரச்சினையைக் காட்டுவதற்காகக் கூப்பிட்ட மனிதருடைய கண்ணில் பிரச்சினையின் ஒரு துரும்பும் பட்டுவிடாதபடி ஊரைத் துடைத்து வைத்தோம். பிள்ளைகளுக்குத் தலை வாரிப் பவுடர் போட்டு வரிசையாக நிறுத்தியதும் எங்கள் யோசனைதான்.

தேத்தண்ணி போடுவது யார் என்ற கேள்வியே எழவில்லை. தோழியின் அம்மா தோட்டத்தில் பிறந்து, கொழுந்து பறித்து வளர்ந்தவர். நல்ல தேயிலையெல்லாம் கப்பலேறிப் போய்விடும், பறித்தவர்களுக்குக் குப்பைத் தூள்தான் மிஞ்சும் என்று சொல்லுவார். அந்தக் கோபத்திலோ என்னவோ, தன் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவர் குப்பைத் தூளில் ஊற்றியதே இல்லை. மலைநாட்டு உறவினர்கள் வருசத்துக்கு ஒருமுறை அனுப்பும் நல்ல தேயிலையை ஒரு பிஸ்கற் தகரத்தில் போட்டு, தகரத்தை ஒரு துணியில் சுற்றி வைத்திருப்பார். இடம்பெயர்ந்து ஓடியபோதும் அந்தத் தகரம் அவரோடு ஓடியிருக்கிறது. அவர் வீட்டில் ஒரு முறை உண்டு. வீட்டு ஆட்களுக்கு ஒரு கோப்பை. விருந்தாளி என்றால் முதல் கோப்பை முடிந்ததும் "இன்னொண்ணு ஊத்தவா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஊற்றிவிடுவார். இரண்டாவது கோப்பை ஊற்றாமல் ஒருவரை அனுப்பினால் வாசலில் வைத்தே திருப்பி அனுப்பியதற்குச் சமம்.

அன்றைக்கு அவர் அதிகாலையிலேயே மகளைச் சந்திக் கிணற்றுக்கு அனுப்பினார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. அவள் அன்று பள்ளிக்கூடமே போகவில்லை. தண்ணீர் கேட்கப் போகிற நாளில் பன்னிரண்டு மைல் அலைந்து தண்ணீர் கொண்டுவந்தாள். எங்கள் ஏழு பேரில் ஒருவருக்கும் அதில் பிழை தெரியவில்லை. பயிற்சியில் படித்த தலைமைத்துவம் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள். வீட்டுக்கு வருகிறவருக்கு உப்புத் தண்ணீரில் தேத்தண்ணி கொடுப்பது என்பது எங்கள் ஒருவருடைய தலைக்குள்ளும் வரக்கூடிய நினைப்பாக இருக்கவில்லை.

உத்தியோகத்தர் நல்ல மனிதர். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், மரியாதையாகப் பேசினார். தலைவர் அண்ணை தொடங்கினார். மைக் கிடைத்தால் அவர் இடம்பெயர்ந்த கதையிலிருந்துதான் தொடங்குவார். அன்றைக்கு மைக் இல்லாமலே தொடங்கிவிட்டார். அவருடைய கதை முகாம் வரைக்கும் வருவதற்குள் உத்தியோகத்தர் முதல் கோப்பையைக் குடித்து முடித்திருந்தார்.

"அம்மா, இப்பிடி ஒரு தேத்தண்ணி குடிச்சுக் கனகாலம்," என்றார்.

தோழியின் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாவது கோப்பை வந்தது. மூன்றாவதும் வந்தது. பேச்சு மீள்குடியேற்றம் வரைக்கும் வந்தபோது சாரதி கோர்ன் அடித்தார். இன்னும் இரண்டு ஊர் பார்க்க வேண்டுமாம். "கிணத்தையும் ஒருக்காப் பாருங்கோ சேர்," என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அவர் எழுந்து நின்று, தூரத்தில் வெள்ளை வெளேரென்று நின்ற கிணற்றுக் கட்டைப் பார்த்தார்.

"நல்ல வடிவா வைச்சிருக்கிறியள்," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. மேற்படி கிராமத்தின் குடிநீர் நிலைமை நேரில் பார்வையிடப்பட்டது என்றும் திருப்திகரமாகக் காணப்பட்டது என்றும் அதில் இருந்தது. தலைவர் அண்ணை அதை மண்டபத்தில் உரத்த குரலில் வாசித்தார். குரல் நடுங்கவில்லை. முகாமில் பெயர் வாசித்த அதே குரல். வாசித்து முடித்ததும் என் தோழி எழுந்து கான் இரண்டையும் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனாள். எனக்கு அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. யாரில் கோபப்படுவது என்று தெரியாததால் சுவரில் இருந்த பிரச்சினை மரத்தைக் கிழித்தேன். இலை வரைந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் நான்தான் சொன்னேன், அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டும், இந்த முறை நாங்கள் குடிப்பதையே அவருக்கும் கொடுக்க வேண்டும் என்று. மற்ற ஆறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இராணுவ முகாமுக்குப் போய்ப் பேசக்கூடிய தலைவர் அண்ணை, "அது சரியில்லைத் தங்கச்சி, வாற மனுசனுக்கு எப்பிடி அப்பிடிக் குடுக்கிறது?" என்றார். வெறும் கிளாஸில் கிணற்றுத் தண்ணீரைக் கொடுப்போம் என்று ஒருவன் சொன்னான். அதைக் கேட்டு எல்லாரும் இன்னும் பயந்தார்கள். வந்தவருக்கு வெறுந் தண்ணீர் கொடுத்து அனுப்புவதா? கடைசியில் ஒரு வழியாக ஒத்துக்கொண்டார்கள், ஒரு நிபந்தனையோடு. தோழியின் அம்மாவிடம் போய் நான்தான் சொல்ல வேண்டும்.

நான் தனியே போகவில்லை, தோழியையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா முதலில் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தார். பிறகு கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார்.

"உப்புத் தேத்தண்ணிய மனுசனுக்குக் குடுப்பாங்களா?"

"கொண்டுவாற தண்ணி முடிஞ்சால் பின்னேரத்தில நாங்கள் குடிக்கிறம்தானே மாமி," என்றேன்.

"நம்ம கதை வேற. வந்தவுங்களுக்கு அப்படிக் குடுத்துட்டு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடமாடுறது? வேற யாரையாச்சும் ஊத்தச் சொல்லு. என்னால ஆகாது."

வேறு யாரும் ஊற்ற மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். அப்போதுதான் அதுவரை பேசாமல் நின்ற என் தோழி வாயைத் திறந்தாள். வீட்டில் அம்மாவோடு மட்டும் அவள் மலைநாட்டுத் தமிழ் பேசுவாள்.

"மனுசனுக்குக் குடுக்கக்கூடாத தண்ணின்னு சொல்றீங்க. அப்ப நான் மனுசி இல்லையாம்மா?"

அவள் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அம்மாவும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். சைக்கிள் ஹாண்டில் பிடித்துப் பிடித்துத் தடித்துப் போன உள்ளங்கையை மறுகையால் தேய்த்துக்கொண்டு நின்றாள். அம்மா எங்கள் இருவரையும் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உத்தியோகத்தரைத் திரும்ப வரவழைப்பது அதைவிட லேசாக இருந்தது. ஒருமுறை பார்த்த ஊரை இரண்டாம் முறை பார்க்கும் வழக்கம் இல்லை என்று கந்தோரில் சொல்லிவிட்டார்கள். தலைவர் அண்ணை நாலு நாள் அங்கே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் உத்தியோகத்தரே வெளியே வந்து, இவரை அடையாளம் கண்டு சிரித்தாராம். "அந்த அம்மா தேத்தண்ணி தருவா எண்டால் வாறன்," என்றாராம். பகிடியாகத்தான். நாங்கள் எழுதிய கடிதங்கள் செய்யாத வேலையை அந்த மூன்று கோப்பைத் தேத்தண்ணி செய்துவிட்டது. இந்தச் செய்தியைத் தோழியின் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று நான் தலைவர் அண்ணையைக் கெஞ்சினேன். அவர் அதற்குள் ஒலிபெருக்கி இல்லாமலே ஊர் முழுக்க அறிவித்துவிட்டார்.

"என் தேத்தண்ணிக்காகவா வர்றாரு?" என்று மட்டும் அம்மா கேட்டார். அன்றைக்கு முழுக்க அவர் சாப்பிடவில்லை என்று தோழி பிறகு சொன்னாள்.

இந்த முறை தோரணம் இல்லை. றோட்டைக் கூட்டவும் இல்லை, கூட்ட வந்த பெண்களை நான் திருப்பி அனுப்பினேன். உத்தியோகத்தர் வந்து அதே முற்றத்தில் உட்கார்ந்தார். தலைவர் அண்ணை பேசக்கூடாது என்று முன்பே தீர்மானித்திருந்தோம். பாவம், உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். தோழியின் அம்மா தட்டத்தோடு வந்தார். நல்ல சேலை உடுத்திருந்தார். தகரத்திலிருந்த நல்ல தேயிலைதான், சீனி அளவாகத்தான், சாயம் கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. தண்ணீர் மட்டும் எங்கள் கிணற்றுத் தண்ணீர்.

உத்தியோகத்தர் ஒரு மிடறு குடித்தார். அவருடைய தொண்டை ஒரு கணம் நின்று, பிறகு இறங்கியது. நாங்கள் ஏழு பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். துப்புவார், முகம் சுளிப்பார், என்ன இது என்று கேட்பார். அவர் கேட்டதும் என்ன சொல்வது என்று நான் வீட்டில் எழுதிப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

"நல்லாயிருக்கு அம்மா," என்றார் அவர்.

மிச்சத்தையும் குடித்தார். வயிற்று வலிக்காரன் கசாயம் குடிப்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆனால் சிரித்த முகத்தோடு, கடைசிச் சொட்டு வரை குடித்தார். இவரும் எங்களைப் போன்றவர்தான் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. ஊற்றுகிறவருக்கு நல்லதை ஊற்ற வேண்டும் என்று இருப்பதுபோல, குடிக்கிறவருக்கும் நல்லது என்று சொல்ல வேண்டும் என்று இருக்கிறதே. நான் பாடமாக்கி வைத்ததற்கு இடமே இல்லாமல் போயிற்று. அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்து, பேனையை எடுத்தார். என் தோழி கதவடியில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"இன்னொண்ணு ஊத்தவா ஐயா?"

தோழியின் அம்மா கேட்டார். அது எங்கள் திட்டத்தில் இல்லை. வழக்கத்தில் கேட்டாரா, யோசித்துக் கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"ஐயோ, வேண்டாம் அம்மா, காணும்," என்று உத்தியோகத்தர் கோப்பையைக் கையால் மூடினார். அம்மா அந்தக் கை விலகும்வரை கேத்திலோடு நின்றார். கை விலகியது. நிறைய ஊற்றினார்.

இரண்டாவது கோப்பையில் பாதிக்கு மேல் அவரால் முடியவில்லை. கீழே வைத்தார். அவர் குரல் மிகவும் தணிந்திருந்தது.

"அம்மா, குறை நினைக்காதேங்கோ. இண்டைக்கு உப்பு ஏதும் தவறி விழுந்திட்டுதோ?"

"இல்லீங்க. போன தடவ நீங்க குடிச்சது சந்திக் கிணத்துத் தண்ணி. எம் மக பள்ளிக்கூடத்தை விட்டுட்டு எடுத்துக்கிட்டு வந்தது. இதுதான் எங்க ஊருத் தண்ணி."

"இதையோ குடிக்கிறியள்?"

"நாங்க விருந்தாளி இல்லீங்களே ஐயா," என்றார் அம்மா. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனவர், ஜீப் போகும்வரை வெளியே வரவில்லை.

உத்தியோகத்தர் கிணற்றடிக்கு நடந்து போனார். தானே வாளியை இறக்கி இறைத்து, கையில் ஏந்தி வாயில் வைத்துத் துப்பினார். கிணற்றடியில் துப்புவதை மரியாதை தடுக்கவில்லை. நின்றபடியே எழுதினார். அடுத்த மாதம் பவுசர் வந்தது, கிழமைக்கு மூன்று நாள். ஊர் நடுவில் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி வைத்தார்கள். மறு வருசம் குழாய் வந்தது. பவுசர் வந்த வருச மார்கழியிலேயே என் தோழி கணிதம் எழுதி, திறமைச் சித்தியோடு தேறினாள். நான் சாதாரண சித்தி. அவளுடைய கொப்பியைப் பார்த்துப் படித்துத்தான் அதுவும்.

தலைமைத்துவப் பயிற்சியின் நேரடி விளைவாக இளைஞர்கள் அதிகாரிகளோடு பேச்சுவார்த்தை நடத்தி வெற்றி கண்டார்கள் என்று புத்தகத்தில் இருந்தது. பேச்சுவார்த்தையில் நாங்கள் ஏழு பேரும் சேர்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

தோழியின் அம்மாவுக்கு அது வெற்றியாக இருக்கவே இல்லை. குழாய் வந்த நாளில், அந்த ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்து நல்ல தேத்தண்ணி ஒன்று கொடுக்க வேண்டும் என்று என்னைக் கந்தோருக்கு அனுப்பினார். அவர் மாற்றலாகிப் போயிருந்தார். எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நான் வெறுங்கையோடு திரும்பி வந்ததும் அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் பிறகு மன்னாரில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊர் ஊராகப் போய்ப் படிவம் நிரப்பும் வேலை. சாலை, கழிவறை, தண்ணீர், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் மூன்று பெட்டி இருக்கும். நாலைந்து வருசத்துக்குப் பிறகு எங்கள் ஊரின் முறையும் வந்தது. எங்கள் குடும்பம் அப்போது ஊரை விட்டு டவுனுக்கு வந்துவிட்டிருந்தது. நிறுவன வாகனத்தில், நிறுவன ரீசேட்டில் போய் இறங்கினேன். தோழி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அவள்தான் இப்போது அங்கே கணித ரீச்சர். அம்மா என்னைக் கதிரையில் இருத்தினார். தேத்தண்ணி வந்தது. அதே சாயம், அதே வாசம். ஒரு கோப்பை முடிந்ததும் இன்னொன்று ஊற்றினார். நான் ஊர்க் கதை கேட்டுக்கொண்டே மடியில் இருந்த படிவத்தில், குடிநீர் என்ற இடத்தில் "திருப்திகரம்" என்ற பெட்டிக்குச் சரி போட்டேன்.

கை கழுவப் பின்பக்கம் போனபோது குழாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. பக்கத்தில் வேலியோடு சைக்கிள் சாத்தியிருந்தது. இரண்டு பக்கமும் கான். கானின் அடியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டி, மண் நனைந்திருந்தது. தோழி ஏழு மணிக்கு முன்பே பள்ளிக்கூடம் போய்விடுவாள். அப்படியென்றால் அந்த இடுப்போடு அதைத் தள்ளிக்கொண்டு வந்தது யார் என்று ஒருவரையும் கேட்கத் தேவையில்லை.

"குழாயில தண்ணி இல்லையோ மாமி?"

"ரெண்டு மாசமா வர்றதில்ல. எங்கயோ குழாய் ஒடைஞ்சிருக்காம்."

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

அவர் என் ரீசேட்டைப் பார்த்தார், வாசலில் நின்ற வாகனத்தைப் பார்த்தார்.

"நீ இப்ப விருந்தாளி ஆயிட்டியே புள்ள," என்றார்.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அதனால்தான் அது அப்படிச் சுட்டது. நான் உள்ளே போய்ப் படிவத்தை எடுத்து, போட்ட சரியை வெட்டினேன். குறிப்பு எழுதக் கீழே ஒரு வரிதான் இடம் இருந்தது. தாளைத் திருப்பி மறுபக்கம் முழுக்க எழுதினேன். பிறகு கதிரையை விட்டு எழும்பிப் போய் அடுப்படித் தரையில் இருந்துகொண்டு, கிணற்றுத் தண்ணீரில் ஒரு தேத்தண்ணி போட்டுத் தரச் சொன்னேன். முடியாது என்று கொஞ்ச நேரம் சண்டை பிடித்தார். நான் எழும்பவில்லை. கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே போட்டுத் தந்தார், தகரத்துத் தேயிலையில் அல்ல, கடைத் தூளில்.

வாயில் வைக்க முடியாத உப்பு. கடைசி வரை குடித்தேன். கோப்பையை வாங்கிக் கழுவி வைத்தார். இன்னொன்று ஊற்றவா என்று அவர் கேட்கவில்லை.